ஒரு மரம் ஓநாயான மத்தியானம்

உன் அண்ணன் நேற்று வந்திருந்தார். பொழியூரிலிருந்து பஸ் ஏறி, ஒரு பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். “அவ அலமாரியில இருந்து கிட்டிச்சு. ஒங்களுக்குள்ளதாக்கும். என்னவோ காட்டிலாகா காயிதம்போல இருக்கு” என்றார். பிரித்தேன். இரண்டு ஓரமும் துளையிட்ட, மடிப்பு மடிப்பாக நீளும் பழைய கம்ப்யூட்டர் தாள். ஈரமும் மையும் கலந்த அந்த வாசனை. தலைப்பு ஆங்கிலத்தில்: ஓநாய்கள், மான்கள், பறவைகள், மரங்கள் ஆகியோருக்கான புதிய விதிகள். அண்ணன் சந்தேகப்பட்டதில் தவறில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. நெய்யாற்றின்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நாம் இருவரும் பாடம் எடுத்தோம். இன்டர்நெட் தொலைபேசிக் கம்பி வழியே வந்த புதிது. திரையில் படம் கிடையாது, எழுத்து மட்டும். அந்த எழுத்துக்குள் ஒரு காடு இருந்தது. பல தேசத்து ஆட்கள் மிருகமாகவோ பறவையாகவோ மரமாகவோ வேடமேற்று, இனத்துக்கு ஒரு கட்சியாக நின்று ஆடும் விளையாட்டு. நம் சாப்பாட்டு இடைவேளை அங்கேதான் கழிந்தது. நான் மான், வாரத்துக்கு இருமுறை இறந்தேன். நீ மரம். ஏன் என்று கேட்டேன்.

“லைன் அறுந்தா ஓநாய் செத்துப்போவும். மரம் நிக்க எடத்திலயே நிக்கும் மக்கா.”

நம் தொலைபேசியை அறிந்த எவரும் வேறு முடிவுக்கு வந்திருக்க முடியாது. பக்கத்து அறையில் சென்டரை நடத்தும் சார் ரிசீவரை எடுத்தால் போதும், நம் இணைப்பு போய்விடும். எல்லா மத்தியானமும் எடுப்பார். வீட்டில் மீன் வாங்கியாயிற்றா என்று விசாரிக்க வேண்டுமே.

காட்டில் வந்த பிரச்சினை எளிமையானது. இரையாக இருக்க யாருக்கும் விருப்பமில்லை. ஆளாளுக்கு ஓநாய்க் கட்சியில் சேர்ந்தார்கள். மான்கள் தீர்ந்ததும் ஓநாய்கள் தங்களுக்குள் கடித்துக்கொண்டன. நம் பக்கத்துக் கட்சிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. ஆனால் காட்டை உருவாக்கிய மாணவன், எங்கோ பனி பெய்யும் நாட்டுக்காரன், மனம் வெறுத்து அறிவித்தான்: ஒரு மாதத்துக்குள் கட்சிகள் ஒழுங்குபடாவிட்டால் காட்டை மூடிவிடுவேன்.

அன்று நீ சோற்றுப்பொதியைத் திறக்கவில்லை. இரண்டு வருடம் வளர்த்த மரம். காயம்பட்ட எந்தப் பிராணியும் அதன் நிழலில் நின்றால் உயிர் ஏறும். அதனால் காட்டில் உன்னை அறியாதவர் இல்லை. சென்டரில் சாருக்கு உன் முழுப்பெயர்கூடத் தெரியாது.

கட்சிகளைத் திருத்தியமைக்க எனக்கு ஒரு யோசனை இருந்தது. எல்லை வரைவதில் எங்கள் குடும்பத்துக்கு அனுபவம் உண்டு. மொழிவாரியாகப் பிரித்தபோது அத்தைமார் ஒரு மாநிலத்துக்கும் மாமன்மார் இன்னொரு மாநிலத்துக்கும் போனவர்கள் நாங்கள். ஆளெண்ணிச் சமமாகப் பங்கிடலாம் என்றேன்.

“எண்ணிப் பங்குவெச்சா நாளைக்கு மறுபடியும் ஓநாய்ட்டதான் ஓடுவானுவோ” என்றாய். பிறகு பொழியூரில் உங்கள் கடற்கரையைப் பற்றிச் சொன்னாய். கரையில் நின்று இழுக்கும் கரமடி வலைக்கு முறை உண்டு. இன்று நல்ல இடத்தில் வலை போட்டவன் நாளை கடைசியில் நிற்க வேண்டும். “அதுபோல ஆக்குவோம். கட்சி இனத்தப் பாத்து வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்திலயும் எல்லாம் இருக்கட்டு. மாசம் ஒருக்க முறை மாறணும். ஓநாய் மானாவணும், மான் பறவையாவணும், பறவை மரமாவணும், மரம் ஓநாயாவணும்.”

கடற்கரைக்காரர்களுக்குச் சட்டம் தெரியாது என்பது செங்கல் என்ற ஊரில் எங்கள் தெருவின் உறுதியான நம்பிக்கை. அந்தத் தெருக்காரியான நான் நீ சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி அச்செடுத்தேன். காட்டின் அறிவிப்புப் பலகையிலும் போட்டோம். ஓநாய்களின் தலைவன் ஒரே கேள்வி கேட்டான்: “மரத்துக்கும் இது உண்டா? அப்படியானால் முதலில் மரம் இறங்கட்டும்.”

நான் உடனே பென்சிலால் ஓரத்தில் ஒரு விலக்கு எழுதினேன்: தொலைபேசி மோசமான ஊர்களின் மரங்களுக்குப் பொருந்தாது. எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது. நீ பென்சிலை வாங்கி அதை அடித்துவிட்டாய். அந்தக் கோடு இப்போதும் என் முன்னால் இருக்கிறது.

“முறை வரும்போ எனக்க வள்ளம் ஓட்டைன்னு சொன்னா கரையில நிக்கவிடுவானுவளா?”

“செத்துப்போவ, பாத்துக்கோ.”

“சாவட்டு. எல்லாவனும் ஒருக்க சாவட்டு. காடு இருக்கும்லா?”

மறுநாள் நீ ஓநாயானாய். மரத்தை அழிக்கச் சம்மதமா என்று திரை இருமுறை கேட்டது. இருமுறையும் ஆமென்று அடித்தாய். சார் அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே மீனை நினைத்தார். நான் பக்கத்து அறைக்கு ஓடினேன். “சார், ஃபோனை வையுங்க!” அவர் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு, “ஒரு மினிட்டு மோளே, சூர மீனு கிட்டியோன்னு கேக்கட்டு” என்றார்.

மறுபடி இணைப்புக் கிடைத்தபோது உன் ஓநாய் இறந்திருந்தது. “சூர கிட்டிச்சாமா?” என்று கேட்டுவிட்டுச் சோற்றுப்பொதியைப் பிரித்தாய்.

அடுத்த நாள் பலகையில் ஓநாய்த் தலைவன் எழுதியிருந்தான்: “மரம் விழுந்ததைப் பார்த்தேன். வருகிற மாதம் நான் மான்.” அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். ஒரு வரியும் மாறாமல் விதிகள் நிறைவேறின. நாம் சென்டரை விட்டுப் போன பிறகும் அந்தக் காடு இருந்தது. உனக்குத்தான் ஒரு மாதத்துக்கு மேல் எந்த மரமும் வளரவில்லை. எந்த நாட்டாளுக்கும் பொழியூர் எங்கிருக்கிறதென்று தெரியாது. அதன் கரைமுறைப்படி ஓநாய்கள் மானாகிக்கொண்டிருந்தன.

நான் இப்போது ஊர் வாசகசாலைக் குழுவில் இருக்கிறேன். எந்த விதி எழுதினாலும் முதலில் என் பெயரைப் போட்டு வாசித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கெடு கடந்து புத்தகம் தருபவருக்கு மூன்று மாதம் புத்தகம் கிடையாது என்று எழுதியதும் நான்தான். நீ இறந்த வாரம் எனக்கு எங்கும் போகத் தோன்றவில்லை. புத்தகம் இரண்டு நாள் தாமதமாயிற்று. “டீச்சருக்கு இதெல்லாம் வேண்டாம்” என்றார் செயலாளர். எழுந்துபோய் என் வாசகர் அட்டையை மூன்று மாதத்துக்கென்று மேசையில் வைத்தேன். உன்னைப் பற்றி அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.