பஸ்ஸில் சொன்ன வார்த்தை

11.03.2007, ஞாயிறு

அப்பா,

நேற்று பலாங்கொடை பஸ்ஸில் நான் சொன்னது பிழை. நீங்கள் பேப்பரில் ஆமிக்கும் புலிகளுக்கும் நடக்கும் சண்டையைச் சத்தமாக வாசித்துவிட்டு, "இந்த ரெண்டு கூட்டத்தையும் ஒரு மாசம் தேயிலக் கொழுந்தெடுக்க விட்டா சண்ட தன்னால நிக்கும்" என்று சொன்னபோது செக் பொயின்ட்டில் ஆமிக்காரர்கள் ஏறினார்கள். தமிழ் அவர்கள் காதில் விழக் கூடாதென்ற பயத்தில், சிங்களத்தில் "கதா கரன்ன எபா", பேச வேண்டாம், என்று மரியாதையாகச் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது "கட வஹபன்". பெற்ற அப்பாவை "வாய மூடுடா" என்று அதட்டியதாகிவிட்டது. ஆமிக்காரன்கூடச் சிரித்தான்.

சாயங்காலச் சிங்கள வகுப்பில் மரியாதைப் பேச்சையும் அதட்டல் பேச்சையும் வித்தியாசம் காட்டித்தான் சொல்லித் தந்தார்கள். அப்படியானால் எனக்குள் இருந்ததுதான் வெளியே வந்ததோ? யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

இன்று நீங்கள் பேப்பரைப் பிரிக்கவே இல்லை. "என்னங்க நியூசு?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டும் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தீர்கள்.

வகுப்புக்குப் போகிறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடுங்கள்.

தர்ஷினி

பி.கு: நீங்கள் பேசினால்தான் பயம் என்று இருந்தேன். பேசாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று: நாளை உங்களுக்குக் கண் கிளினிக். முதல் பஸ்ஸில் நானும் வருகிறேன். செக் பொயின்ட்டில் நீங்களே பேசுங்கள்.