கழுவாத காயம்

ஈக்காட்டுத்தாங்கல்
3.2.2025

அன்புள்ள தேவானை அக்காவுக்கு,

தம்பி முருகையன் எழுதுவது. நீயும் மாமாவும் சுகமா? போனில் சொன்னால் பாதியிலேயே கத்திவிடுகிறேன், அதனால் எழுதுகிறேன்.

குதிரைச் சவாரி விட பெசன்ட் நகர் கடற்கரைக்கு மல்லிமேல் ஏறிப் போகிறேன் அல்லவா? அடையாறில் ஒரு கறுப்புக் கார்க்காரன் ஒரு மாதமாக உயிரை எடுக்கிறான். பின்னால் ஒட்டிவந்து ஹாரன் அடிக்கிறான். "இன்னாடா, ரோடு உங்கப்பன் வூட்டுதா? நாளைக்கு வந்தே, குதிரையோட சேர்த்து ஏத்திடுவேன்" என்கிறான். நேற்று உரசியே விட்டான். மல்லியின் தொடையெல்லாம் ரத்தமும் கறுப்பு பெயின்டும்.

ஸ்டேஷனுக்குப் போனால், "காயம் எங்கபா கீது?" என்றார் ஏட்டு. கடலில் குளிப்பாட்டி மஞ்சள் பூசிவிட்டேனே! அடிபட்டால் முதலில் கழுவுவதுதானே குதிரைக்காரன் வழக்கம்? சிரித்து அனுப்பிவிட்டார்கள். நீ இருபது வருஷமாக வக்கீல் குமாஸ்தா. ஒரு வழி சொல்லு.

உன் தம்பி
முருகையன்

திண்டுக்கல்
8.2.2025

அன்புத் தம்பிக்கு,

அட மண்டு, சாட்சியைக் கழுவிவிட்டா ஸ்டேஷனுக்குப் போவாய்?

வக்கீல் ஐயாவைக் கேட்டேன். ரோட்டில் குதிரையேறிப் போவது குற்றமில்லையாம். மிரட்டுவது குற்றம், வாயில்லா ஜீவனைக் காயப்படுத்துவதும் குற்றம். கார் நம்பரோடு புகார் எழுதிக்கொடுத்து ரசீது கேள். தராவிட்டால் கமிஷனருக்கு ரிஜிஸ்தர் தபால் போடு. அதற்கும் அசையாவிட்டால் கோர்ட்டில் மனு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு தடவை அடிபட்டால், கவர்மென்ட் கால்நடை டாக்டர் பார்த்து சர்டிபிகேட் எழுதும்வரை காயத்தில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. அக்கா சொன்னால் கேள்.

தேவானை

ஈக்காட்டுத்தாங்கல்
24.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை அவன் இடித்தே விட்டான். மல்லி முட்டி மடங்கி விழுந்தாள், தோல் கிழிந்துவிட்டது. நம்பரைக் குறித்துக்கொண்டேன். டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம்.

நீ சொன்னபடி கழுவவில்லை. இரண்டு நாளும் மண்ணும் சாணியும் காயத்தில் அப்படியே இருந்தன. தண்ணீர் வாளியைப் பார்க்கும்போதெல்லாம் கனைத்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு" என்றேன். பாவி, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்று டாக்டர், "ஏம்பா இதைக் கழுவாம வச்சிருந்தே?" என்று திட்டி, ஊசி போட்டு, சர்டிபிகேட் கொடுத்தார். ஸ்டேஷனில் அதைப் பார்த்ததும் கேஸ் பதிந்துவிட்டார்கள்.

முருகையன்

திண்டுக்கல்
28.2.2025

என் தங்கத் தம்பிக்கு,

பார்த்தாயா! அன்றைக்கே சொன்னேன் இல்லையா? வக்கீல் ஐயாவும் கேஸ் பலமாக நிற்கும் என்கிறார். இனி அவன் கோர்ட் வாசலில் நிற்கட்டும். மல்லிக்கு என் பங்காக ஒரு கட்டி வெல்லம் கொடு.

அக்கா

ஈக்காட்டுத்தாங்கல்
10.3.2025

அக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று காலையில்தான் மல்லிக்குத் தாடை கட்டிக்கொண்டது. நாலு காலும் விறைத்துவிட்டன. உன் வெல்லத்தை உதட்டில் வைத்தேன். வாய் திறக்கவில்லை. "புண்ணுல மண்ணு தங்கி ரண ஜன்னி வந்துடுச்சுப்பா. அன்னிக்கே கழுவியிருந்தா பொழைச்சிருக்கும்" என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை போய்விட்டாள். குழியில் இறக்குவதற்கு முன்னால் அந்தக் காயத்தைக் கழுவிவிட்டேன்.

நேற்று ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். கார்க்காரன் பிடிபட்டுவிட்டானாம். நான் போகவில்லை. சர்டிபிகேட்டை இதோடு வைத்திருக்கிறேன், உன்னிடமே இருக்கட்டும்.

உன்மேல் தப்பில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. எழுத வரவில்லை, அக்கா. இனி எனக்குக் கடிதம் போடாதே.

முருகையன்