புள்ளடிக்குப் பக்கத்தில்

சனி, 19 மே 1979

காலையில் மழை, பிறகு மங்கலான வெயில். குடை திருத்தக் கொடுக்க. பற்பசை.

தம்பி இராசா இன்றும் வரவில்லை. சனி பத்து மணிக்கு வருவான். ஏரிக்கரை வரை நடப்போம். நான் இங்கு வந்த எட்டு வருடத்தில், இந்தத் தேர்தலுக்கு முன் தவறியவை ஏழு (காய்ச்சல் 4, பனி 3). தேர்தலில் நிற்க வங்கியை விட்ட பிறகு மட்டும் பதினொன்று.

கொழும்பு வங்கியில் எனக்குக் கீழே எழுதுவினைஞராகச் சேர்ந்தவன். இங்கே காசாளராகத் தொடங்கிக் கிளை மனேஜர் வரை. இப்போது பாராளுமன்ற வேட்பாளர். வென்றால் தலைநகர் ஒட்டாவாவுக்கே போய்விடுவான்.

எழுதக் கூடாது. ஆனாலும்: தோற்றால் நல்லது.

திங்கள், 21 மே

இராசா தொலைபேசியில்.

“அண்ணை, நாளைக்கு வோட் போட மறந்திடாதேங்கோ.”

“மறப்பனே?”

“போட்டிட்டு, சரியா விழுந்ததோ எண்டு பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேக்கிறேல்லை!”

சிரித்தான். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். ஒரு நிமிடம்கூட இல்லை.

செவ்வாய், 22 மே

காற்று. தேவாலயத்தின் நிலவறையில் வாக்குச்சாவடி. குடியுரிமை பெற்றபின் முதல் வாக்கு. சுவரில் ஒட்டிய அறிவித்தலை இரண்டு தரம் வாசித்தேன். தம்பி பெயருக்கு நேரே வட்டத்துக்குள் புள்ளடி (X). மடித்தேன், போட்டேன்.

ஸ்ட்ரீட்கார் தரிப்பில் நிற்கும்போதுதான் நினைவு வந்தது. புள்ளடிக்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பத்தையும் இட்டிருக்கிறேன்! வங்கியில் முப்பத்தாறு வருடப் பழக்கம்: எந்தத் தாளில் என்ன குறி இட்டாலும் அருகே இரண்டு எழுத்து. போட்டவர் யாரென்று காட்டும் வாக்கு செல்லாது. அறிவித்தலில் இருந்ததே அதுதான்.

ஒரு வாக்கால் தோற்றால்?

புதன், 23 மே

வென்றான். தம்பியின் தேர்தல் வேலைகளைப் பார்க்கும் மதராஸ்காரர் மணி காலையிலேயே அழைத்தார்.

“சார், பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சுட்டோம்! ஒரு கூத்து கேளுங்க. உங்க சாவடியில எவனோ ஒரு மகானுபாவன் ஓட்டுச் சீட்டுல இனிஷியல் போட்டு வச்சிருக்கான். செக்குன்னு நெனச்சுட்டான் போல!”

நானும் சிரித்தேன். தேவைக்கு மேல்.

பழக்கந்தானா? இரண்டு தரம் வாசித்தவன் நான்.

சனி, 2 ஜூன்

தெளிந்த வானம். சரியாகப் பத்து மணிக்கு இராசா! காரில் இரண்டு சூட்கேஸ். ஏரிக்கரை வரை போக நேரமில்லை, தெருமுனை வரை.

“அண்ணை, மணி சொன்ன அந்த ரெண்டு எழுத்தும் ஆரின்ர எண்டு எனக்குத் தெரியும்.”

நின்றுவிட்டேன்.

“புள்ளடி உனக்குத்தான் போட்டனான், இராசா.”

“அதுவும் தெரியும். என்ர கலியாணக் கார்டிலேயே மூலையில இனிஷியல் போட்ட ஆளெல்லே நீங்கள்!”

வயிறு குலுங்கச் சிரித்தான். நான், “இராசா, நீ போறது எனக்கு...” என்று தொடங்கினேன். அவன் மணிக்கூட்டைப் பார்த்தான்.

“என்ன அண்ணை?”

“ஒண்டுமில்லை. கவனமா ஓட்டு.”

10.20க்குக் கார் போனது. வெறும் பழக்கம் என்று நம்பிக்கொண்டு போகிறான். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஏரிக்கரைக்கென்று ஊற்றிய பிளாஸ்கில் தேநீர் பாதி, இன்னும் சூடு.

திங்கள் செய்ய: ஒட்டாவா ரயில் நேரம் விசாரிக்க. சனி காலை முதல் வண்டி. போவேனா தெரியாது. கேட்டு வைக்க.