கப்பலேறிய நிக்கோலாஸ்

நவம்பர் 11

ஸ்கூலில் பாடம் எடுத்துவிட்டு வந்ததும் ஜீவமணி அண்ணாச்சி போன். துறைமுகத்தில் மாலுமிகள் மன்றத்தைக் கவனிக்கிறவர். பழுது பார்க்க நிற்கும் கிரேக்கக் கப்பலில் தண்ணீர் புகுந்து, மாலுமிகள் கும்பிடும் புனித நிக்கோலாஸ் ஐகான், பலகையில் தீட்டிய சாமி படம், வீணாகிவிட்டதாம். கடலில் போகிறவர்களுக்கு அவர்தான் காவல். டிசம்பர் 6 அவர் திருநாள்.

"மூணு வருசமா அந்தப் படத்தையே கட்டிக்கிட்டு அழுத. இப்ப வரைஞ்சு காட்டு, முருகேஸ்வரி."

காட்டுகிறேன். இதுவரை என் ஐகான்களைப் பார்த்தது வீட்டுக்காரரும் சுவர்ப் பல்லியும்தான்.

நவம்பர் 17

மழை. சாக்பீஸ் பொடியும் பசையும் கலந்து பலகையில் பூசிய லெவ்காஸ் காயவே மாட்டேன் என்கிறது.

நவம்பர் 23

தங்கத்தாள் ஒட்டியாயிற்று. என்ன ஜொலிப்பு! மாதிரிப் படங்களில் தலைக்கு இருபுறமும் பெயர் எழுதியிருக்கிறார்கள். எதற்கு? பார்த்தாலே தெரியாதா? தங்கத்தை அப்படியே விடப் போகிறேன்.

நவம்பர் 30

முட்டை மஞ்சள் கருவில் வண்ணம் குழைத்து வீடே நாறுகிறது. இவர் எட்டிப் பார்த்து, "சாமி கையில உள்ள புஸ்தகம் கோணலா இருக்கே" என்றார். ஐகானில் அப்படித்தான், தூரத்து ஓரம்தான் அகலமாக இருக்கும் என்றேன். "அப்பஞ் சரி. ரசம் வச்சிட்டேன், வா."

டிசம்பர் 5

கண் மட்டும் பாக்கி. எங்கள் பக்கம் சாமி சிலைக்குக் கண் திறப்பதுதான் கடைசி வேலை. அதைக் கப்பலில் வைத்தே செய்வேன்.

டிசம்பர் 6

கப்பலின் சாப்பாட்டு அறையில் மாலுமிகள் எல்லாரும் பார்க்கக் கருவிழி வைத்துவிட்டு விலகி நின்றேன். ஒருத்தரும் அசையவில்லை. கேப்டன் ஏதோ கேட்டார்.

"இது யாருன்னு கேக்காரு" என்றார் அண்ணாச்சி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாருன்னு அவருக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும் ஏளா. பேரு எழுதுனாத்தான் ஐகானாம். இல்லாட்டி வெறும் பலகையாம். முத்தம் குடுக்க மாட்டாங்களாம்."

நான் ஒரு முட்டாள். கண்ணைத் திறக்கத் தெரிந்தது, பெயர் வைக்கத் தெரியவில்லையே! மானம் போயிற்று. இனி என்ன — எழுது. சாப்பாட்டு மேசையிலேயே சிவப்பைக் குழைத்தேன். மாதிரிப் படங்களைப் பார்த்து நோட்டில் எழுதிப் பார்த்ததில் கிரேக்க எழுத்து கைக்குப் பழக்கம்தான். ஒவ்வொரு எழுத்தையும் கேப்டன் உரக்கப் படித்தார். கடைசி எழுத்து முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். ஐயோ, எழுத்து இன்னும் ஈரம் — நல்லவேளை, நிக்கோலாஸின் கையில்தான் முத்தமிட்டார். பின்னாலேயே மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். யாரோ பாட ஆரம்பித்தார்கள்.

அழுதேன். ஜெயித்துவிட்டேன். நான் ஜெயித்துவிட்டேன்.

டிசம்பர் 21

கப்பல் போய்விட்டது. அண்ணாச்சி போன். "அந்தக் கம்பெனிக் கப்பல் இன்னொண்ணு ஜனவரியில வருது. மாதா ஐகான் வேணுமாம். ஒங்கிட்டதான் வாங்கணுமாம்."

புதுப் பலகையை எடுத்தேன். பென்சிலால் முதலில் குறித்தது, பெயருக்கான இடம்.