தலைகீழாய் நட்ட மாதுளைக் கொப்பு

மகளின் வாப்பாவுக்கு ஸலாம். உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இனி மட்டும் வாயில் வருமா?

நீங்கள் மவுத்தாகி, நான் அறைக்குள் இருந்த நான்கு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து நேற்றுத்தான் கிணற்றடிக்குப் போனேன். யோகட் கோப்பைகளிலும் ஐஸ்கிரீம் பெட்டிகளிலும் நீங்கள் ஊன்றி வைத்த கொப்புகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. நான் அறைக்குள், மகள் கைக்குழந்தையோடு. யார் தண்ணீர் ஊற்றுவது? எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவையும் என் தலையில் கட்டிவிட்டுப் போக அப்படி என்ன அவசரம்?

கல்முனைக்குச் சாமான் வாங்கப் போனாலும், யார் வீட்டு வாசலில் மாதுளையைக் கண்டாலும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிடுவீர்கள். "ஒரு கொப்பு வெட்டித் தாங்களேன் மச்சான்" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்பீர்கள். பின்னால் இருக்கும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். வீட்டுக்கு வந்து, கொப்பின் அடியைச் சரிவாகவும் நுனியை நேராகவும் வெட்டி, சரிவான பக்கத்தை ஈர மணலில் ஊன்றுவீர்கள். வேர் வந்ததா என்று நான் இழுத்துப் பார்த்தால், "பொறு புள்ள, அது ஓடியா போகப்போகுது?" என்பீர்கள்.

உங்கள் ஜனாஸாவைத் தூக்கும்போது, முற்றத்து மாதுளையில் அதேபோல ஒரு கொப்பு வெட்டி மருமகனிடம் கொடுத்தனுப்பினேன். தலைமாட்டில் அது பச்சையாய் நிற்கும்வரை மண்ணறை உங்களுக்கு லேசாக இருக்கும் என்று நம்பினேன். வேர் பிடித்துவிட்டால் காலத்துக்கும் பச்சை அல்லவா?

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மருமகன் மையவாடிக்குப் போய் உங்கள் மண்ணறையைப் பார்த்து வந்ததும் கேட்பேன்.

"கொப்பு எப்பிடி மகன்?"

"ஓம் மாமி, நல்லாத் துளிர் வந்திரிக்கி."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

நேற்று மகள் போனில் உங்கள் கபுறின் படத்தைக் காட்டினாள். தலைமாட்டில் நட்ட மீசான் பலகையைப் பார்க்க ஆசைப்பட்டு அவள்தான் மருமகனிடம் எடுத்து வரச் சொன்னாளாம். பலகைக்குப் பக்கத்தில் கொப்பு கறுத்துப்போய் நிற்கிறது. சரிவாக வெட்டிய பக்கம் மேலே இருக்கிறது. அடக்கிய அவசரத்தில் மருமகன் தலைகீழாய் ஊன்றிவிட்டார், பாவம். துணிக்கடையில் நிற்பவருக்கு அடி எது, நுனி எது என்று எப்படித் தெரியும்?

இவ்வளவு நாளும் உங்கள் தலைமாட்டில் ஒரு காய்ந்த குச்சிதான் இருந்திருக்கிறது. உங்களுக்கு அங்கே கஷ்டமாக இருக்கிறதா? நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

மருமகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மனம் நோகக்கூடாது என்றுதானே அவர் அப்படிச் சொன்னார். இன்று காலை இன்னொரு கொப்பு வெட்டி, பழைய வாளியில் மணல் நிரப்பி ஊன்றியிருக்கிறேன். என் கைக்கு இதுவரை ஒன்றும் பிடித்ததில்லை, அது உங்களுக்கே தெரியும். அல்லாஹ் நாடினால் இதை வேர் பிடித்த கன்றாகவே உங்களிடம் அனுப்புவேன்.

அதுவரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் மருமகன் துளிர் வந்திருக்கிறது என்பார். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்பேன்.

உங்கள் மகளின் உம்மா