படுக்கவைத்து எடுத்த படம்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை, ஆனாலும் எல்லோரும் சுகம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் பெரியம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் வலது உள்ளங்காலுக்கு அடியில் ஒரு தபால் அட்டையை நுழைத்தேன், பாதிவரை போனது. அப்படியே எழுந்து நில் என்றேன். நின்றதும் பாதம் அட்டைமேல் அப்பிக்கொண்டது, இழுத்தால் கிழிந்திருக்கும். என்னடி இது, விடிஞ்சதும் விடியாததுமா என் காலை வச்சு விளையாடுறே என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினெட்டு வருஷம் துணி ஆலையில் நின்றபடியே இஸ்திரி போட்டு அவளுக்குப் பாத வளைவு இறங்கிவிட்டது. உட்கார்ந்து பொத்தான் சரிபார்க்கும் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். எக்ஸ்ரேயில் அளந்து டாக்டர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கே வரவழைத்து நானே படம் எடுத்தேன். குதிகால் எலும்பு தரையிலிருந்து எத்தனை டிகிரி தூக்கி இருக்கிறது என்று டாக்டர் படத்தில் கோடு போட்டு அளந்தார், இருபத்திரண்டு, கோளாறு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். ஆலையில் அதைப் படித்துவிட்டு, திங்கட்கிழமை இஸ்திரி மேசைக்கு வா, முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். உன் மெஷினே நான் நடிக்கிறேன்னு சொல்லிடுச்சே என்று நேற்று கேட்டாள், நான் பாத்திரம் கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் மேல் தப்பில்லை. பாதத்தை அளக்கிற படத்தை, உடம்பின் பாரம் காலில் இறங்கும்படி நிற்கவைத்துத்தான் எடுக்க வேண்டும், படுத்திருந்தால் இறங்கிப்போன வளைவும் சரியாக இருப்பதுபோல் தெரியும். அதற்கென்று ஏறி நிற்க இருந்த மரப்படி உடைந்து நாலு மாதமாகிறது, மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். படுக்க வச்சு எடும்மா, எலும்பு எங்க ஓடிடப் போகுது என்கிறார் எங்கள் பொறுப்பாளர். படத்தோடு போகும் தாளில் நின்ற நிலை என்று முன்பே அச்சடித்திருக்கிறது, அதன் கீழே என் கையெழுத்து. வெளியே வரிசை காத்திருக்கிறது, அதை யார் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்துவது என்று விட்டுவிட்டேன். படித்தவள், தெரிந்தே விட்டேன். சொந்த அக்கா மாட்டிக்கொண்ட பிறகுதான் உறுத்துகிறது என்று நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. உன் அப்பாவோ, அக்காவுக்கு மட்டும் இன்னொரு படம் எடுத்துக் குடுத்துட்டுக் கம்முனு இரு, மத்தவங்க கால் நமக்கு எதுக்கு என்கிறார். இரண்டு நாளாக அவரோடு சரியாகப் பேசவில்லை.

நீயும் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறாய். உள்பக்கம் தேய்ந்த அந்தப் பழைய ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கு, அம்மா நச்சரிக்கிறாள் என்று நினைக்காதே. எங்கிருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், தலைநிமிர்ந்து இருக்க வேண்டும்.

நேற்று பதிவேட்டைப் புரட்டினேன். இந்த நாலு மாதத்தில் பாதம் அளக்க வந்தவர்கள் உன் பெரியம்மாவோடு சேர்த்து முப்பத்தெட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் உளறிவைக்காதே, இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக் காலை டாக்டரிடம் அந்த முப்பத்தெட்டுப் பேரின் பட்டியலைக் கொடுக்கப் போகிறேன். எல்லாமே படுக்கவைத்து எடுத்த படங்கள், நின்ற நிலை என்று கையெழுத்துப் போட்டது நான், எல்லோரையும் திரும்பக் கூப்பிடுங்கள் என்று அதன் அடியில் எழுதியாகிவிட்டது.

உன் அம்மா