பக்கத்துக் காம்பராவுக்கு ஆக்கின சோறு

மச்சானுக்கு,

பிள்ளைங்க நல்லா இருக்குதுங்க. நீங்க நாலந்தாவுல பஸ்ஸ மறிச்சது, அலுவிகாரைக் கடையில துவக்கக் காட்டிக் கொள்ளையடிச்சது, எல்லாம் பேப்பர்ல வந்திருக்குன்னு கங்காணி சத்தமா வாசிச்சாரு. நான் கூடையத் தூக்கிக்கிட்டுக் கொழுந்தெடுக்கப் போயிட்டேன்.

இரத்தோட்டையில நீங்க உடைச்ச ஏலக்காய் ஸ்டோருக்குக் காவல் இருந்தது நம்ம லயத்துல பக்கத்துக் காம்பராவுல குடியிருந்த வீரையா அண்ணன். செத்துட்டாரு. சுட்டது யாருன்னு லயத்துச் சனமே பேசுது. ஆளத் தெரிஞ்சுதான் சுட்டீங்களான்னு கேக்க எனக்குத் தெம்பில்ல.

எழவு வீட்டுல அடுப்பு எரியக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரிதானே சோறாக்கிக் கொடுக்கணும்? ஆக்கினேன். நீங்க அனுப்பின அரிசிதான் இருந்துச்சு. அவரு பொஞ்சாதி மூக்காயி அக்கா அத என் மூஞ்சியில வீசுவாங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் கொண்டு போனேன். வாங்கித் தின்னாங்க. "எம் பிள்ளைங்களுக்கும் போடு"ன்னாங்க.

இனி அரிசி அனுப்ப வேணாம்.

உங்களக் கண்ட இடத்துல சுடச் சொல்லி உத்தரவாம். அழுகைகூட வரல, மச்சான். உங்களச் சுடுற அன்னைக்கு நம்ம அடுப்பு அணைஞ்சு கெடக்கும். மூக்காயி அக்காதான் சோறாக்கிக்கிட்டு வருவாங்க.

அத நான் எப்படித் திம்பேன்?

இப்படிக்கு,
உங்க பிள்ளைங்களப் பெத்தவ